இலவசமும் கட்டறுதலும்: தெல்லிப்பழை அநுபவத்தினூடாக ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது என்பது ஒன்று. அதனைப் பெற்றவர் அதன்மீது எத்தகைய உரிமை உடையவராகின்றார் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் கணினி மென்பொருள் பற்றிய தமிழ் எழுத்துக்களிலே இன்றும் காணப்படுகின்றது. மயக்கத்தின் ஊற்றுக்களுள் ஒன்று ஆங்கிலச் சொல்லாட்சியாகும். ‘ஃபிறீ’ என்னும் ஆங்கிலச் சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே சுட்டுவது. தமிழிலே இவ்விரு கருத்துக்களும் ஒரு சொல்லுக்குள் அடங்கியதில்லை. இலவசம் என்றால் விலை இல்லை. அதற்குமேல் அச்சொல் எதனையும் உறுதியளிப்பதில்லை. ஆயினும் ஆங்கிலத்தின் மயக்கத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்த நம்மவர் சிலர் ‘இலவச மென்பொருள்’ என்று எழுதினர். ‘கட்டற்ற மென்பொருள்’ என்னுந் தொடர் பின்னரே வழக்குப் பெற்றது. பெயரளவிலே பிரச்சினை தீர்ந்ததெனினும் பொருளளவிலே அது தீர்ந்துவிடவில்லை.

தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நாம் யாவரும் அறிந்த பழமொழி. கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்குமிடையே நிலவும் ஏற்றத்தாழ்வை இதனைவிடச் சுருக்கமாக உணர்த்தல் அரிது. விலை கொடாதவனுக்குச் சோதித்தறியும் உரிமை இல்லை என்பதே அதன் உட்கிடை. நாம் இங்கு ஆராயப்புகும் வேறுபாடு முழுவதும் இந்தப் பல்லைப் பிடித்துப் பார்க்கும் உரிமையைப் பற்றியதேயாகும்.

மென்பொருள் முதலிலே மனிதர் படித்து விளங்கத்தக்க மூலநிரலாக எழுதப்படுகின்றது. பின்னர் பொறி மட்டுமே இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றப்படுகின்றது. விலையின்றி வழங்கப்படும் மென்பொருள்களுட் பல இவ்விரண்டாவது வடிவை மாத்திரமே தருவன. இயக்கலாம்; உள்ளே பார்க்க முடியாது. பிழை கண்டாலும் திருத்த முடியாது. உரிமத்திலே தடையிருப்பின் அயலவருக்குப் பிரதிசெய்து கொடுக்கவும் முடியாது. கட்டற்ற மென்பொருளின் வரைவிலக்கணமோ விலையைப் பற்றி எதுவுமே கூறுவதில்லை. எந்நோக்கத்துக்கேனும் இயக்குதல், மூலத்தைக் கற்று வேண்டியவாறு மாற்றுதல், பிரதிகளைப் பிறருக்கு வழங்குதல், மாற்றிய வடிவையும் வழங்குதல் ஆகிய நான்கு உரிமைகளையே அது வற்புறுத்துகின்றது. 1983 செப்டெம்பரிலே குனூத் திட்டத்தை அறிவித்து, 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவிய றிச்சர்ட் ஸ்ரோல்மன் இக்கருத்துக்கு வந்தமைக்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சியொன்று அடிக்கடி எடுத்துக் கூறப்படுவது. அவர் பணியாற்றிய மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடத்துக்குச் சீறொக்ஸ் நிறுவனம் அச்சுப்பொறியொன்றை அன்பளிப்பாக வழங்கியிருந்தது. தாள் சிக்கிக்கொள்ளும்போது பயன்படுத்துவோருக்கு அறிவிக்கும் வசதியைப் பழைய பொறியின் நிரலிலே சேர்த்திருந்த அவர், புதிய பொறியிலும் அதனைச் செய்ய விரும்பினார். மூலநிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரும், பிறருக்குக் கொடுப்பதில்லை என்று வாக்களித்திருந்தமையால் மறுத்துவிட்டார். பொறி இலவசமாகவே வந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

லினக்சின் வரலாறு மறுதலையான சான்றொன்றைத் தருகின்றது. 1991இல் லினஸ் தோர்வால்ட்ஸ் அதனை வெளியிட்டபோது எவரும் பணம் பெற்று அதனை விநியோகிக்கலாகாது என நிபந்தனை விதித்திருந்தார். அதாவது அது கண்டிப்பாக இலவசமாயிருந்தது. 1992இல் அவர் குனூ பொது உரிமத்தை ஏற்றபோது அந்நிபந்தனை நீங்கிற்று. விற்க விரும்புவோர் விற்கலாமென்றாயிற்று. விலையின்மை என்னும் கட்டாயத்தை நீக்கியதனாலேயே அது கட்டற்றதாயிற்று. இலவசத்தையும் விடுதலையையும் ஒன்றெனக் கருதுவோருக்கு இது முரணாகத் தோன்றும். வரலாற்றை அறிந்தோருக்கு, சிறப்பாக யாழ்ப்பாணத்தின் வரலாற்றை அறிந்தோருக்கு, இதில் வியப்பில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இலவசம் என்பது நவீனத்துவத்தோடு இணைந்து வந்த இடங்களுள் முதலாவதாகச் சுட்டத்தக்கது தெல்லிப்பழை. 1816 மார்ச்சிலே கொழும்பை வந்தடைந்த அமெரிக்க மிஷனரிமாருள் எட்வேட் வொறனும் டானியல் பூவரும் அவ்வாண்டிலேயே தெல்லிப்பழையில் நிலைகொண்டனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலே பயன்பட்ட பழைய தேவாலயமும் குருமனையும் அவர்களுக்குக் கிடைத்தன. அவ்வாண்டின் இறுதியிலேயே பாடசாலை தொடங்கிற்று. இன்றைய யூனியன் கல்லூரி தனது தோற்றத்தை அங்கிருந்தே கணிக்கின்றது. பள்ளிக்குக் கட்டணமில்லை. பின்னர் ஏற்பட்ட விடுதிப் பள்ளியிலே உணவும் உடையும் நூலும் உறையுளும் விலையின்றி வழங்கப்பட்டன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி நிறுவப்பட்டபோது தெல்லிப்பழையிலிருந்தும் அதற்கு மாணவர் சென்றனர். பூவரே அதன் அதிபராகவும் சென்றார்.

இதற்கு மாணவர் கொடுத்தது யாது? பணமன்று. விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர் ஏற்றனர். ஏற்றவர் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் நிலவிற்று. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என நமது இலக்கிய வரலாற்று நூல்களிலே இயல்பாகக் கடந்துசெல்லும் பெயர்களின் முற்பாதி இவ்வழக்கத்தை நினைவூட்டுவது. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்த, ஒருபோதும் கண்டிராத ஒருவரின் பெயரை ஒரு தமிழ்ப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் சுமந்தது. உரிமையாளரின் முத்திரை பொருளிலன்றிப் பெற்றவர்மீதே பொறிக்கப்பட்ட இத்தகைய இலவசத்தை வெறும் கருணையென்றோ வெறும் சூழ்ச்சியென்றோ கூறிவிடுதல் பொருந்தாது. மிஷனரிமார் தமது நம்பிக்கைக்கு உண்மையாக நடந்தனர். ஆனால் கல்வியின் உள்ளடக்கம், மொழி, எல்லை, ஆயுள் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் தெல்லிப்பழையிலோ வட்டுக்கோட்டையிலோ இருக்கவில்லை. அது பொஸ்ரன் நகரத்து மிஷன் சங்கத்திடம் இருந்தது.

1855இலே இது வெட்டவெளிச்சமாயிற்று. சங்கத்தின் செயலாளரான றூபஸ் அண்டர்சன் இங்கு வந்து நிலைமையை ஆராய்ந்ததையடுத்துச் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றோர் சுவிசேஷ ஊழியத்துக்குச் செல்வதைவிட அரசாங்க உத்தியோகத்தையும் வர்த்தக நிலையங்களையும் நாடிச் சென்றமை சங்கத்தாருக்கு உவப்பாயிருக்கவில்லை. கொடுத்தோர் கருதிய பயன் ஒன்று; காலனித்துவப் பொருளாதாரத்தின் தேவைகளுக்குட்பட்டுப் பெற்றோர் கொண்ட பயன் வேறொன்று. இம்முரண்பாடு முற்றியபோது கொடுத்தோர் தம் கையை மடக்கிக்கொண்டனர். ஏறத்தாழ ஒரு தலைமுறையைப் பயிற்றிய நிறுவனத்தை நடத்தவோ மாற்றியமைக்கவோ அதிற் பயின்றோருக்கு உரிமை இருக்கவில்லை. ஊரவரின் முயற்சியும் வேண்டுகோளும் சேர்ந்து யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றுவதற்கு 1872 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று விலையின்றித் தரப்படும் கணினிச் சேவையொன்றை அதன் நிறுவனம் ஓர் அறிவித்தலோடு நிறுத்திவிடும்போது பயனர் அடையும் நிலைக்கும் இதற்கும் அமைப்பளவில் வேறுபாடு மிகச் சிறிதே.

தெல்லிப்பழைப் பாடசாலையிற் பயின்று செமினரிக்குச் சென்றவருள் ஒருவர் சிறுப்பிட்டி வைரவநாதன் தாமோதரம்பிள்ளை (1832-1901). 1857இலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவர் அவரும் அவரது ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளையுமாவர். நமது ஆய்வுக்கு வேண்டியது அவர் பெற்ற பட்டமன்று. அவர் செய்த பதிப்புப் பணியாகும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையம் உரையோடு 1868இலும், வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அவர் வெளியிட்டார். ஏடுகள் செல்லரித்தும் இதழ் முறிந்தும் அழிந்துகொண்டிருந்த வேளை அது. ஏட்டை வைத்திருந்தோர் பலர் அதனைப் பிறர் கையிற் கொடுக்க இசையாதவர். படிக்கத் தெரிந்தும் கொடாதோர் சிலர். படிக்கத் தெரியாமலே பூசையறையிற் பூட்டி வைத்தோர் பலர்.

இவ்விடத்திலே ‘மூலம்’ என்னும் சொல்லைச் சற்று நோக்குதல் தகும். மூலமும் உரையும் என்பது நமது நூல்களின் முகப்பிலே காலங்காலமாக வந்து கொண்டிருக்கும் தொடர். கணினித் துறையினர் மனிதர் படிக்கத்தக்க நிரலுக்கு ‘மூலநிரல்’ என்று பெயரிட்டபோது, அறிந்தோ அறியாமலோ மிகப் பொருத்தமான சொல்லையே தேர்ந்தனர். தொல்காப்பிய மூலம் கைக்கெட்டியமையாலேயே இளம்பூரணர் ஒன்று கூற, சேனாவரையர் மறுக்க, நச்சினார்க்கினியர் வேறு கூற முடிந்தது. மூலம் மறைக்கப்பட்டு முடிபு மட்டும் வழங்கப்பட்டிருப்பின் உரை மரபு என ஒன்று தோன்றியே இராது. ஏட்டுக் காலத்திலே பெயர்த்தெழுதுதல் குற்றமாகக் கருதப்படவில்லை. பெயர்த்தெழுதினாலன்றி நூல் நிலைக்காது. பெயர்த்தெழுதுவோர் செய்த பிழைகளும் திருத்தங்களும் பாடபேதங்களாயின. பதிப்பாசிரியர் அவற்றை ஒப்புநோக்கினர். ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமாக்கும் நோக்கம் நமக்கில்லை. எழுத்தறிவே சாதியாலும் பாலாலும் வரையறுக்கப்பட்டிருந்த சமுதாயத்திலே பெயர்த்தெழுதும் உரிமை மிகச் சிலரின் உரிமையாகவே இருந்தது. உற்பத்திச் சாதனமான எழுத்தாணி எவர் கையில் இருந்தது என்ற வினாவை ஒதுக்கிவிட்டு ஏட்டு மரபைப் போற்றுவது ஆய்வாகாது.

இனி ஓர் ஒப்பீடு. தெல்லிப்பழையிலும் பிற மிஷன் நிலையங்களிலும் சமயத் துண்டுப் பிரசுரங்கள் பெருந்தொகையாக விலையின்றி வழங்கப்பட்டன. தாமோதரம்பிள்ளையின் பதிப்புக்கள் விலைக்கு விற்கப்பட்டன. விற்றும் அவர் பொருளிழந்தார். இலவசமாக வந்த பிரசுரத்தைப் பெற்றவர் ஏற்கலாம் அல்லது விடலாம். விலை கொடுத்து வாங்கிய கலித்தொகையைப் பெற்றவரோ அதனைச் சோதித்தார், மறுத்தார், வேறு ஏடுகளோடு ஒப்புநோக்கித் திருத்தினார். இ. வை. அனந்தராமையர் 1925 முதல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்பு தாமோதரம்பிள்ளையின் பதிப்பின் மேலெழுந்து அதனைக் கடந்தது. விலையுள்ள நூல் விடுதலையைத் தந்தது. விலையற்ற நூல் தரவில்லை. மிஷன் அச்சகத்தின் எல்லா வெளியீடுகளும் அத்தகையன என்று கொள்ளுதலும் தவறு. 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி பின்வந்த அகராதிகள் பலவற்றுக்கு மூலமாய் உதவியது.

மிஷனரிமாருக்கு எதிராக 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரும் இலவசக் கல்வியையே வழங்கினார். பிடியரிசி சேர்த்து நடத்தப்பட்ட அப்பள்ளியின் கடிவாளம் ஊரவர் கையிலிருந்தது, பொஸ்ரனில் இருக்கவில்லை. இது பெரியதொரு மாற்றம். ஆனால் ‘ஊரவர்’ என்பதற்குச் சாதியமைப்பு வகுத்த எல்லையை அது மீறவில்லை. 1945 ஒக்டோபரிலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதுதான் கட்டணமின்மை கொடையென்னும் நிலையினின்று உரிமையென்னும் நிலைக்கு நகர்ந்தது. அவ்வுரிமை சாதித் தடைகளைத் தானாகவே தகர்த்துவிடவில்லை என்பதை அதற்குப் பிந்திய யாழ்ப்பாண வரலாறு காட்டும்.

தமிழகத்திலே இவ்வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டுவது பாரதி படைப்புக்களின் நாட்டுடைமையாகும். 1949இலே சென்னை மாகாண அரசு அவற்றின் உரிமையைப் பெற்றது; பின்னர் 1955இல் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. அதன்பின்னர் பாரதி நூல்கள் இலவசமாகக் கிடைத்தனவா? இல்லை. இன்றும் கடையிலே விலை கொடுத்தே வாங்குகின்றோம். ஆனால் எந்த அச்சகமும் எவரிடமும் கேளாமல் அச்சிடலாம். எந்தப் பாடகரும் பாடலாம். ஆய்வாளர் வேண்டியவாறு பதிப்பிக்கலாம். மலிவுப் பதிப்புக்கள் பெருகியது இந்த விடுதலையின் விளைவேயன்றி, விடுதலை மலிவின் விளைவன்று. இவ்வரிசையை மாற்றிப் புரிந்துகொள்வதே நாம் தொடக்கத்திற் சுட்டிய மயக்கத்தின் சாரம்.

தமிழிலே கணினி பரவிய முறையும் இதே வரிசையிற் சிக்கியது. இலங்கைத் தமிழ் அச்சுலகிலே நீண்டகாலம் கோலோச்சிய ‘பாமினி’ எழுத்துரு கட்டணமின்றிக் கைமாறிப் பரவியது. ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலே தமிழ் வடிவங்களைப் பொருத்திய முறை அது. எழுத்துரு இல்லாத கணினியிலே அதில் தட்டெழுதிய கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். யாழ்ப்பாணத்து அச்சகங்களிலே இவ்வாறு தட்டெழுதப்பட்ட நூல்கள் எண்ணிறந்தன. யூனிகோட் நியமம் வழக்கிற்கு வந்தபின்னரும், விண்டோசோடு சேர்ந்து வந்த ‘லதா’ எழுத்துரு பயனருக்குத் தனிவிலையின்றியே கிடைத்தது. ஆனால் அதனை மாற்றவோ பகிரவோ உரிமையில்லை. இதற்கு மாறாக லோகித் போன்ற தமிழ் எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்துடன் வெளிவந்தன. தட்டச்சுக் கருவியான எ-கலப்பையின் வளர்ச்சி இன்னும் சுவையானது. அதன் முற்பதிப்புக்கள் பயனருக்கு இலவசமாயினும் கீமேன் என்னும் தனியுடைமை இயக்கியின்மேல் அமைந்தவை. கலப்பை நம்முடையது, எருது இரவல் என்ற நிலை. பின்னர் அது குனூ பொது உரிமத்தின்கீழ்ப் புதிதாக எழுதப்பட்டது. (கீமேனும் பின்னொரு காலத்திலே கட்டற்றதாயிற்று என்பதையும் கூறுதல் நியாயம்.) 2011இலே தமிழக அரசு மாணவருக்கு மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியபோது ‘இலவசம்’ என்னாது ‘விலையில்லா’ என்ற அடைமொழியைத் தேர்ந்தது. முதற்கட்டக் கணினிகளிலே விண்டோசும் பொஸ் எனப்பட்ட லினக்ஸ் வகையும் ஒருங்கே இருந்தன. மாணவருக்கு இரண்டின் விலையும் ஒன்றே, அதாவது விலையே இல்லை. ஒன்று பல்லைப் பிடித்துப் பார்க்க விட்டது; மற்றது விடவில்லை.

கட்டற்ற மென்பொருளைப் பொதுவுடைமையின் முன்னோடி என்று கொண்டாடுவாரும் உளர். அவ்வாறு கூறுதல் மிகையாகும். தன்னார்வலர் எழுதிய லினக்ஸ் கருவின்மேல் அன்ட்றொயிட்டை எழுப்பிய கூகுள் நிறுவனம் உலகின் பெருஞ் செல்வங்களுள் ஒன்றைத் திரட்டியது. மூலம் எவருக்கும் திறந்திருந்தாலும் வழங்கிகளும் மின்சாரமும் சந்தையும் மூலதனத்தின் கையிலேயே உள்ளன. உரிமை சமமாகவும் அதனைப் பயன்படுத்தும் வலு சமமின்றியும் இருக்கும் நிலை முதலாளித்துவ சமூகத்தின் பொதுவிதி. மென்பொருள் அதற்கு விலக்கன்று. ஆனால் இதனைக் காட்டி இலவசத்துக்கும் கட்டறுதலுக்கும் வேறுபாடில்லை என்று கூறுவோர் பின்வரும் வரலாற்றுக்கு விடை கூறவேண்டும்.

1981 ஜூனிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அந்நூலகத்தின் நூல்களைப் பயில்வதற்கு வாசகர் விலை கொடுத்ததில்லை. ஆனால் ஒரே இடத்தில் ஒரே பிரதியாயிருந்தவை அழிந்தபின் மீளவில்லை. 1990இலே தெல்லிப்பழை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அப்பகுதியின் பெரும்பாகம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. ஆண்டுகள் பலவற்றின் பின்னர் கட்டங்கட்டமாகத் திரும்பியோர் வீடுகளையே காணாதபோது புத்தக அலுமாரிகளைப் பற்றி யார் பேசுவது? அமெரிக்க மிஷன் அச்சகம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயங்கிய ஊரிலே, 1910இலே பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனாக் கல்லூரியைத் தொடக்கிய ஊரிலே, வீடுகளிலிருந்த நூற்சேர்க்கைகள் இவ்வாறு மறைந்தன. எஞ்சியவை பிரதிகள் வேறெங்கேனும் இருந்தவையே.

2005 தைப்பொங்கலன்று தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் இவ்வரலாற்றிலிருந்து எழுந்ததாகும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிலே திரட்டி, எவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்துள்ளது. அது இயங்குவது மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளிலே. விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட அம்மென்பொருளை எவரிடமும் அநுமதி கேளாமலே அத்திட்டத்தினர் எடுத்துத் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொண்டனர். கருவி கட்டற்றது. உள்ளடக்கத்தின் நிலைமை வேறு. அங்குள்ள நூல்களுட் பெரும்பாலானவற்றின் பதிப்புரிமை எழுதியோரிடமோ அவர்தம் வாரிசுகளிடமோ உள்ளது. படிக்கலாம், ஆயின் மீள அச்சிடவோ திருத்திப் பதிப்பிக்கவோ தனி அநுமதி வேண்டும். இது திட்டத்தினரின் குறையன்று. அநுமதி வழங்க வேண்டியவர் நாமே. பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்க மலர்களிலும் ஆய்விதழ்களிலும் எழுதுபவராகிய நாம். இலவசமாகப் படிக்கக் கொடுத்தோம் என்று மனநிறைவு கொள்ளும் நம்மிற் பலர், மறுபதிப்புக்கும் திருத்தத்துக்கும் இடமளிக்கும் ஒரு வரியைத் தம் கட்டுரையின் இறுதியிலே சேர்த்ததில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கின்றது. 1990இலே இடம்பெயர்ந்த அந்த ஆண்டிலேயே மறைந்த ஓர் ஆசிரியரின் நூலை, வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடித்தாலன்றி, 2060 முடியும்வரை எவரும் உரிமையோடு மறுபதிப்புச் செய்யமுடியாது.